என் மச்சம் எங்கடா?

உங்க ஸ்கூல் டி.சி.யை எடுத்துப் பாருங்க. அங்க அடையாளங்கள்னு ரெண்டு வரி இருக்கும்: கன்னத்தில் ஒரு மச்சம், நெற்றியில் ஒரு தழும்பு. அது நீங்கதான்னு சொல்ல எழுதி வெச்சது. போட்டோ எடிட் பண்ணும்போது நாம முதல்ல அழிக்கிறதும் அதைத்தான்!

போன வருஷ ஃபேர்வெல் போட்டோக்களை எடிட் பண்ணது நான்தான். பார்த்துட்டு ஒரு சீனியர் அக்கா கேட்டாங்க: "நல்லாதான் இருக்கு. ஆனா என் மச்சம் எங்கடா?" என்கிட்ட பதில் இல்ல.

மச்சத்தை ஹீலிங் பிரஷ்ல எடுத்தேன். மிச்சத்தை சர்ஃபேஸ் ப்ளர் பார்த்துக்கிச்சு. கிட்டத்தட்ட ஒரே நிறத்துல இருக்கிற பக்கத்துப் பிக்சல்களை அது சராசரி ஆக்கிடும். கண், உதடு மாதிரி அழுத்தமான ஓரங்களை விட்டுடும். தோலோட நுண்துளை, பூனைமுடி எல்லாம் காலி. அதனாலதான் முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகுது.

நார்வேயில 2022 ஜூலையில இருந்து, விளம்பரப் படத்துல உடல்வாகையோ தோலையோ மாத்தினா அதைப் படத்துலயே குறிப்பிடணும்னு சட்டம். நம்ம டிபார்ட்மெண்ட் போட்டோவுக்குச் சட்டமெல்லாம் வேண்டாம்.

எடிட் பண்றதே தப்புன்னு சொல்லல. ரெண்டு வாரத்துல தானா போற பருவைத் தாராளமா எடுங்க. ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் தெரிஞ்சா, நுண்துளைகளைத் தொடாம திட்டுத்திட்டான நிறத்தை மட்டும் சமன் பண்ணலாம். ஆனா மச்சம், தழும்பு, தோல் நிறம் இதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி, அந்த முகத்துக்குச் சொந்தக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.