சிறுநீரகம் பெற்றோரும் எலும்பின் நலமும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் உறவினர் வருகையும் தொடங்கிவிடும். சென்ற ஆண்டு அவ்வாறு எம் இல்லம் வந்தவருள் எம் மைத்துனர் ஒருவர். தமக்கையார், எம் வீட்டார் வழக்கில் லாத்தா, ஈந்த சிறுநீரகத்தோடு எட்டுத் திங்களாக நலமாய் வாழ்ந்து வந்தவர். நோய்த்தொற்றுக்கு அஞ்சி ஐந்தருவியில் நீராடாமல் கரையிலேயே நின்றவர். அத்துணை எச்சரிக்கையுடையார் எம் வீட்டு முற்றத்து ஈரத்தில் சற்றே சறுக்கி அமர்ந்தார். அவ்வளவில் இடுப்பெலும்பு முறிந்தது. வயது ஐம்பது நிரம்பவில்லை. அருவிப் பாறையில் வழுக்கி வீழ்ந்திருப்பின் வியப்பில்லை. முற்றத்தில் அமர்ந்த அளவில் எலும்பு முறிவது எங்ஙனம்?

மாற்றுச் சிறுநீரக அறுவை 1954ஆம் ஆண்டு பாஸ்டனில் இரட்டையர் இருவரிடையே வெற்றி பெற்றது. நம் நாட்டில் 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதனை நிகழ்த்திக் காட்டிற்று. இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் அவ்வறுவை இடம்பெற்றிருத்தலின், எளியோரும் அதனைப் பெறுகின்றனர். மகிழத்தக்கதே. ஆயின் அறுவைக்குப் பிந்திய வாழ்வைப் பற்றி நாம் பேசுவதில்லை.

சிறுநீரகம் கழிவை வடிக்கும் உறுப்பு என்ற அளவிலேயே பலரும் அறிவர். வெயிலாலும் உணவாலும் பெறும் வைட்டமின் டியைச் செயற்படும் வடிவிற்கு மாற்றும் பணியும் அதனுடையதே. அது பழுதுற்றால் குருதியில் சுண்ணாம்புச் சத்து குறையும், பாஸ்பேட் மிகும். கழுத்திலுள்ள பாராதைராய்டுச் சுரப்பிகள் அக்குறையை ஈடுசெய்ய முனைந்து எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துக் குருதிக்கு அனுப்பும். எனவே டயாலிசிஸ் காலத்திலேயே எலும்பு நலிந்துவிடுகிறது. புதுச் சிறுநீரகம் வந்த பின்னும் அச்சுரப்பிகள் சிலர்க்கு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் அடங்குவதில்லை. அதன்மேல் ஸ்டீராய்டு. பிறர் உறுப்பை உடல் பகைத்துத் தள்ளாதிருக்கத் தரப்படும் பிரட்னிசோலோன், எலும்பைக் கட்டும் உயிரணுக்களைத் தளர்த்துகிறது; குடல் சுண்ணாம்பை ஈர்ப்பதையும் குறைக்கிறது. தொடக்க மாதங்களில் இம்மருந்தின் அளவு மிகுதி. ஆதலின் முதல் 6 முதல் 12 திங்களில் எலும்பிழப்பும் விரைவு. வலியின்றித் தேய்வதே இதன் கொடுமை.

இதைப் படித்து எவரேனும் ஸ்டீராய்டைத் தாமே நிறுத்துவாராயின், நாம் எழுதியது பெரும்பிழையாக முடியும். நிறுத்தினால் பெற்ற சிறுநீரகமே போய்விடக்கூடும். கடையில் கால்சியம் மாத்திரை வாங்கித் தாமே விழுங்குவதும் தகாது. சிலர்க்குக் குருதியில் சுண்ணாம்பு முன்பே மிகுந்திருக்கும். எலும்பை உறுதிப்படுத்தும் மருந்துகளும் சிறுநீரகத்தின் திறனறிந்தே தரத்தக்கவை. குற்றாலத்து மசாஜ் செய்வோர் முதுகைத் தட்டி உருவுவதைப் புரையோடிய முதுகெலும்பு தாங்குமா என்றும் மருத்துவரைக் கேட்டறிதல் நன்று.

கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: ‘டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா?’ எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனை அது. கேடிகோ என்னும் பன்னாட்டுச் சிறுநீரக வல்லுநர் அமைப்பு 2017இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறை, எலும்புப்புரைக்கு ஏதுவுடைய மாற்றுச் சிறுநீரகத்தார்க்கு, முடிவு மருத்துவத்தை மாற்ற உதவுமெனில் அச்சோதனையைப் பரிந்துரைக்கிறது. எம் மைத்துனர்க்கு எலும்பைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. படித்தவர் நிரம்பிய எம் குடும்பத்தில் எவரும் கேட்கவுமில்லை. இரண்டாவது குற்றம் எம்முடையது.

நம் ஜமாஅத்துகள் அறுவைக்கென்று வேண்டினால் ஒரே ஜும்ஆவில் பெருந்தொகை திரட்டித் தருகின்றன. ஆறு திங்கள் கழித்து அதே மனிதர் சோதனைக்கும் மாத்திரைக்கும் கேட்டு நின்றால், ‘அன்றே கொடுத்தோமே’ என்பாரும் உளர். இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவு, இச்சோதனைக்காகும் செலவினும் எத்தனையோ மடங்கு பெரிது. ஜகாத் நிதியில் ஒரு பகுதியை அறுவைக்குப் பிந்திய முதலாண்டுக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. பெண்கள் பெற்றோராயின், மாதவிடாய் நின்றோர்க்கு இவ்விடர் மேலும் மிகுதி. தமக்கெனப் பள்ளிவாசல் வாயிலில் நின்று கேட்க அவர்கள் வருவதில்லை. நாம்தான் தேடிச் சென்று கேட்க வேண்டும்.

எம் மைத்துனர் இன்று கைத்தடியோடு நடக்கிறார். இவ்வாண்டுச் சாரலுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முற்றத்துப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் இட்டுத் தேய்த்தாயிற்று. சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம்.