பழைய பிக்கப் வண்டிக்கு எஞ்சின் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள்

மண்டிக்குக் காய்கறி ஏற்றும் பழைய பிக்கப் புகை தள்ளினால், உடனே மாற்று எஞ்சின் தேடாதீர்கள். ஆர்.சி.யில் பதிவு ஆண்டைப் பாருங்கள். எஞ்சினை மாற்றினாலும் வண்டியின் வயது குறையாது. 15 ஆண்டு கடந்த மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தியது. ஆகவே 13, 14 வயது வண்டிக்கு போரிங், பிஸ்டன், ரிங் வேலையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே கம்பெனி, அதே மாடல் எஞ்சினையே போடுங்கள். பழைய பம்பு எஞ்சின் இருந்த இடத்தில் காமன்ரெயில் எஞ்சினை ஏற்றினால் வயரிங், சென்சார் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். உள்ளூர் மெக்கானிக்கும் கைவிரிப்பார். செகண்ட்ஹேண்ட் எஞ்சின் என்றால் பில்லோடு, அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்குங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்அனுமதி பெற்று, புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். எண் மாறியிருந்தால் எஃப்.சி.க்குப் போகும்போது சிக்கல். விபத்து என்றால் இன்சூரன்சிலும் இழுபறிதான்.