கதவு தட்டும் உத்தியோகம்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி பன்னிரண்டே முக்கால். செல்லிப்பட்டில் எங்கள் வீட்டு அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. உலகத்தில் எந்த மனிதனும் யாருக்கும் கதவு திறக்கக் கூடாத நேரம் அது. சரியாக அந்த நேரம் பார்த்து, டொக் டொக்!

திறந்தேன். இரண்டு இளைஞர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் பை, கையில் துண்டுப் பிரசுரம். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இந்த வெயிலில் இவ்வளவு சிரிப்பு வருகிறதென்றால் ஒன்று, இன்ஷூரன்ஸ் பாலிசியாக இருக்க வேண்டும். அல்லது ஆண்டவராக இருக்க வேண்டும்.

“வணக்கம் அண்ணே. ஒரு அஞ்சு நிமிஷம் ஆண்டவரைப் பத்திப் பேசலாமா?”

உள்ளேயிருந்து சகதர்மிணியின் குரல்: “இன்னாங்க, யாரு? நம்மகிட்ட இருக்கற சாமிக்கே படையல் போட முடியல. புதுசா ஒண்ணு வேணாம்னு சொல்லி அனுப்புங்க!”

சோபாவில் கிடந்த என் பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, “கதவைச் சாத்துப்பா. இவங்களுக்கு வேற வேலை இல்ல” என்றான்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது ஸார். பையன் பி.ஈ. மெக்கானிக்கல். படிப்பு முடித்து ஒன்றரை வருஷம். பதினோரு இன்டர்வியூ. கடைசியில் சென்னையில் ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. என்ன வேலை? வீடு வீடாகப் போய் இன்டர்நெட் கனெக்ஷன் பிடிக்கிற வேலை! “நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிச்சுட்டு நான் கதவு தட்டணுமா?” என்று ஆர்டரைத் தினசரி காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டான். மூன்று நாளாக அது அங்கேயே இருக்கிறது. மறுநாள் திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. காலண்டர் தாளைக் கிழிக்கக்கூடப் பயம்.

“உள்ள வாங்க தம்பி. மொதல்ல தண்ணி குடிங்க” என்றேன்.

சமையலறையில் ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைக்கப்பட்டது.

நான் ஏன் உள்ளே விட்டேன் என்றால், அடியேனும் அந்த ஜாதிதான். கதவு தட்டுகிற ஜாதி. இப்போது புதுச்சேரியில் ஓர் ஆபீசில் ஃபைலோடு ஃபைலாக இருக்கிறேனே தவிர, 1994-ல் சென்னையில் வாக்குவம் கிளீனர் விற்றவன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் வாசம். காலை ஒன்பது மணிக்குக் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, கையில் பத்துக் கிலோ மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், மேற்கு மாம்பலம் சந்து பொந்தெல்லாம் சாத்திய கதவுகள். சம்பளம் கிடையாது, கமிஷன்தான். விற்றால் சாப்பாடு, விற்காவிட்டால் டீ!

ஒரு வீட்டில் டெமோ காட்டுவதற்காகக் கார்ப்பெட்டில் ஒரு பிடி மண்ணைக் கொட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். கரண்ட் போய்விட்டது. அப்புறம் துடைப்பம் வாங்கி நானே பெருக்கிவிட்டு வந்தேன். அந்த மாமி வாசல் வரைக்கும் வந்து, “மெஷினைவிட நீ நன்னா பெருக்கறே” என்று சர்டிபிகேட் கொடுத்தாள். கூடவே ஒரு டம்ளர் மோர். அன்றைக்கு முழுக்க என் வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான். முப்பது வருஷமாகியும் அந்த மோரில் கிடந்த கறிவேப்பிலைகூட ஞாபகத்தில் இருக்கிறது. சாத்தின கதவுகளில் ஒன்றுகூட ஞாபகமில்லை.

சரி, நம் இளைஞர்களுக்கு வருவோம். பிரசுரத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “ஒரு நாளைக்கு எத்தனை கதவு தம்பி?” என்றேன்.

இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவன் சொன்னான்: “அறுபது, எழுபது இருக்கும் அண்ணே. இங்க பரவாயில்ல, திண்ணையில உக்கார வச்சாவது வேணாம்பாங்க. சென்னையில ரெண்டு வருஷம் இருந்தோம். அங்க கதவுல இருக்கற ஓட்டை வழியா ஒரு கண்ணு மட்டும் தெரியும். அந்தக் கண்ணே ‘வேணாம்’னு சொல்லிடும்.”

“அப்புறம் எப்படித்தான் ஓட்டினீங்க?”

“ஒரு தாத்தா இருந்தாரு அண்ணே...” என்று ஆரம்பித்தான்.

அப்பார்ட்மெண்ட்டில் மூன்றாவது மாடி. ரிடையர் ஆனவர், தனி ஆள். பிள்ளைகள் வெளிநாடு. கதவைத் திறந்ததும், “நான் பெரியார் கட்சிக்காரன். எனக்குச் சாமியே கிடையாது. ஆனா ஹால்ல பல்பு ஃப்யூஸ் போய் ஒரு வாரமாச்சு, எனக்கு ஏணி ஏற முடியாது. மாத்திக் குடுப்பீங்களா?” என்றாராம். மாற்றிக் கொடுத்தார்கள். “அடுத்த வாரம் வாங்க, குழாய் ஒழுகுது” என்றார். போனார்கள். அதற்கடுத்த வாரம் கரண்ட் பில். அப்புறம் கண் ஆஸ்பத்திரி.

“ஆண்டவரைப் பத்திப் பேசினீங்களா, இல்லையா?”

“எங்க அண்ணே விட்டாரு? ஆறு மாசம் அவர்தான் எங்களுக்குப் பேசினாரு. பகுத்தறிவு!”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. சகதர்மிணி நிலைப்படியில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நாங்க ஊர் மாறி வரும்போது பஸ் ஏத்திவிட வந்தாரு அண்ணே. ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் குடுத்து, ‘உங்க சாமியை நான் நம்பல. ஆனா உங்களை நம்பறேன்’ன்னாரு. ரெண்டு வருஷத்துல சென்னையில எங்களுக்குக் கிடைச்சது அதான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சின்னவன் மட்டும் சிரிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

சோபா பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தேன். செல்போன் கவிழ்ந்து கிடந்தது. இதுதான் சமயம் என்று, எனக்குத் தெரிந்த ஒரே பெரிய கதையை எடுத்துவிட்டேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் மேனேஜர் பெரியவர், நான் விற்காத மெஷினோடு திரும்பி வந்த ஒரு ராத்திரி எனக்குச் சொன்ன கதை.

“தம்பி, உங்களுக்கு முன்னாடி இந்த உத்தியோகம் பார்த்த ஒரு பெரிய ஆள் நம்ம பாண்டிச்சேரிக்கு வந்திருக்கார், தெரியுமா? விவேகானந்தர்!”

சென்னைக்கு வருவதற்கு முன்னால் அவர் பாண்டிச்சேரி வந்தார். கடல் தாண்டிப் போகலாமா கூடாதா என்று இங்கே ஒரு வைதீகப் பண்டிதரோடு வாக்குவாதம். இவர் எந்த நியாயத்தைச் சொன்னாலும் பண்டிதர் ‘கதாபி ந, கதாபி ந’ என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாராம். அதாவது, ‘ஒருக்காலும் கூடாது’. என் ஆபீஸ் மேலதிகாரி லீவு லெட்டரைப் பார்த்தால் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

அப்புறம் சென்னை. அங்கே அழகியசிங்கப் பெருமாள் என்று ஒருவர். அளசிங்கர் என்றால் சட்டென்று தெரியும். பச்சையப்பன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பணக்காரர் கிடையாது, நம்மைப் போல மாதச் சம்பளக்காரர். இந்தச் சாமியாரை அமெரிக்காவுக்கு அனுப்பியே தீருவது என்று அவரும் சில இளைஞர்களும் வீடு வீடாக ஏறி இறங்கி வசூல் செய்தார்கள். முதலில் ஐந்நூறு ரூபாய் போலச் சேர்த்துக்கொண்டு போய்க் கொடுத்தால், சாமியார் ‘இதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டாராம்! வசூல் செய்தவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஆனால் அளசிங்கர் மறுபடியும் கதவு தட்டினார்.

1893 மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார் விவேகானந்தர். ஜூலை கடைசியில் சிகாகோ. போன பிறகுதான் தெரிகிறது, சர்வமத மகாசபை செப்டம்பரில்தான். அதில் பேச அறிமுகக் கடிதம் வேண்டும். பெயர் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிட்டது. கையிலோ ஒரு நாளைக்கு ஒரு பவுன் வீதம் கரைகிறது. ஒரு சுருட்டு நம்மூர்க் காசுக்கு எட்டணா என்று அளசிங்கருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விலைவாசியைப் பற்றிப் புலம்புவது நம் பரம்பரைச் சொத்து, அதற்கு மகான்களும் விலக்கில்லை!

செலவு குறையுமென்று பாஸ்டன் பக்கம் போனார். அங்கே ஹார்வர்டு புரொபசர் ரைட் என்பவர் பழக்கமானார். ‘உங்களிடம் அறிமுகக் கடிதம் கேட்பது, பிரகாசிப்பதற்குச் சூரியனிடம் லைசென்ஸ் கேட்பது மாதிரி’ என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லி, கடிதம் எழுதிக் கொடுத்து, டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சிகாகோவில் இறங்கினால்... போக வேண்டிய இடத்தின் அட்ரஸைத் தொலைத்துவிட்டார்!

ராத்திரி. குளிர். வழி கேட்டால் பதில் சொல்வார் இல்லை. ரயில்வே சரக்கு யார்டில் கிடந்த ஒரு காலிப் பெட்டிக்குள் படுத்துத் தூங்கினார். பொழுது விடிந்ததும் பசி. சந்நியாசி வழக்கப்படி வீடு வீடாகக் கதவு தட்டினார். அது பணக்காரத் தெரு. கசங்கின உடுப்பைப் பார்த்து வேலைக்காரர்கள் விரட்டினார்கள். முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தினார்கள். கடைசியில் முடியாமல் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஓர் அம்மாள் இறங்கி வந்தாள். மகாசபைக்கு வந்திருக்கும் பிரதிநிதியா என்று கேட்டாள். உள்ளே அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டு, தானே மகாசபை ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். அவள் பெயர் மிஸஸ் ஜார்ஜ் ஹேல். அதற்கப்புறம் அந்த வீடு அவருக்குத் தாய்வீடு மாதிரி. அந்த அம்மாளுக்கு ‘மதர் சர்ச்’ என்றும், வீட்டுக்காரருக்கு ‘ஃபாதர் போப்’ என்றும் செல்லப் பெயர் வைத்துக் கடிதம் எழுதுவார்.

செப்டம்பர் 11-ஆம் தேதி அவர் பேசியது எல்லோருக்கும் தெரியும். நாக்கு உலர்ந்துபோய், ‘இப்போது வேண்டாம், அப்புறம்’ என்று காலையிலிருந்து தள்ளிப்போட்டுச் சாயங்காலம்தான் எழுந்தார் என்பது பல பேருக்குத் தெரியாது.

“இன்னொண்ணு பாருங்க தம்பி. கதவைச் சாத்தினவங்களும் அந்தத் தெருவுல பெரிய மனுஷங்கதான். அவங்க பேர் இன்னான்னு யாருக்காவது தெரியுமா? திறந்த அம்மா பேரு இதோ, செல்லிப்பட்டுல ஒரு குமாஸ்தாவுக்குத் தெரியுது!” என்று முடித்தேன்.

அந்த இளைஞர்கள் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள். நான் அவர்களுக்கு விவேகானந்தரைப் பற்றிச் சொன்னேன். பெரியார் கட்சித் தாத்தா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. என் அம்மா வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கும் போவாள், வில்லியனூர் மாதா கோயில் தேருக்கும் போவாள். கேட்டால், “ரெண்டும் நம்ம ஊர்த் தேர்தானே?” என்பாள்.

சகதர்மிணி வந்து, “சாப்பிட்டுட்டுப் போங்கப்பா. கறி சாப்பிடுவீங்க இல்ல?” என்றாள். சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். பையன்தான் இலை போட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர்கள் கிளம்பித் தெருமுனை போனதும், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னாலேயே ஓடினான். வாசலில் நின்று பார்த்தேன். ஏதோ கேட்டான். பெரியவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

திரும்பி வந்தவனிடம், “இன்னாடா கேட்டே?” என்றேன்.

“கதவைத் திறந்ததும் மொதல்ல இன்னா பேசணும்னு கேட்டேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“மொதல்ல நம்ம பேரைச் சொல்லணுமாம். அப்புறம் அவங்க பேரைக் கேக்கணுமாம். சரக்கைப் பத்தி அப்புறம்தானாம்.”

நேராகப் போய்க் காலண்டருக்குப் பின்னால் கையை விட்டான்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ராத்திரி ஒன்பதரைக்கு போன் வந்தது. குரல் களைத்திருந்தது.

“எத்தனை கதவுடா?”

“நாப்பத்தி மூணுப்பா. கால் விட்டுப் போச்சு.”

“கனெக்ஷன்?”

“ஒண்ணுகூட இல்ல.”

என்ன சொல்வதென்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருக்க, அவனே சொன்னான்:

“ஆனா ஒரு பாட்டி வீட்ல டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி மாத்திக் குடுத்தேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.”