கஞ்சாச் செய்கை யாருக்கு?

"பிள்ளை, கஞ்சா நட அரசாங்கம் விட்டிட்டுதாமே, எங்கட வளவுக்கையும் நாலு கண்டு வைக்கட்டே?" என்று வடமராட்சியில் ஓர் அம்மா கேட்டார். அவருடைய மகன் கேரளக் கஞ்சா வழக்கில் விளக்கமறியலில் இருக்கிறான்.

சகோதரிகளே, அந்த அனுமதி எமக்கில்லை. 2025 இல் வெளிநாட்டு முதலீட்டாளர் ஏழு பேருக்கு, மீரிகம வலயத்தில், மருத்துவ ஏற்றுமதிக்காக மட்டுமே கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் குறைந்தது 50 இலட்சம் டொலர் முதலிட வேண்டும். நாட்டுக்கு டொலர் வரட்டும். 2022 இன் வரிசைகளை நாம் மறக்கவில்லை. ஆனால் எங்கள் வளவில் ஒரு கண்டு நின்றாலும் குற்றம்தான்.

கரையில் பொதி இறக்கச் சொல்லும் முதலாளி அகப்படுவது அரிது. சுமந்த பிள்ளைதான் உள்ளே போகிறான். சட்டத்தரணிக்காகத் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவுடன் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகிறேன். அடகுச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.