பந்தயக் கார்ச் சோதனையும் புதுமைக் கருவிகளும்

மோட்டார்க் கார் ஓட்டப் போட்டியைச் செல்வர்தம் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர். நுவரெலியாவிலே மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று என்பதை அறிந்தோரோ சிலர். ஊதியம் கருதாது ஆர்வம் ஒன்றினாலேயே கார் ஓட்டுவோர் உலகெங்கும் உளர். அவர்தம் உயிர்க்குக் காவலாக நிற்கும் பரிசோதனை பற்றிச் சில கூற விழைகின்றோம்.

அமெரிக்காவிலே, கலிபோர்ணியா மாநிலத்து ஆர்க்கேட்டா என்னும் ஊரில், 1956ஆம் ஆண்டு நிகழ்ந்த போட்டியொன்றில் வில்லியம் ஸ்னெல் என்பார் தலையிற் காயமுற்று மாண்டார். அவர் தலைக்கவசம் அணியாதவரல்லர். அணிந்த கவசமே கைவிட்டது. மறு ஆண்டில் நண்பர் ஒன்றுகூடி அவர் பெயரால் ஒரு நிறுவனம் கண்டு, கவசங்களை விஞ்ஞான முறையிற் சோதிக்கத் தலைப்பட்டனர். இன்று அதன் முத்திரையோ அதற்கு நிகரான பிறிதொன்றோ இல்லாத கவசத்தைக் கழகங்கள் பல ஏற்பதில்லை.

முத்திரை பார்த்தல், ஆசனப் பட்டியிற் பொறித்த காலவெல்லை பார்த்தல், விண்ணப்பம் பார்த்தல் என்றிவற்றிலேயே போட்டி நாட் காலைப்பொழுது கழிகின்றது. சோதிப்போர் யாவரும் தொண்டர், வரிசையோ நீளம். இவ்வேலையை முன்னிரவே முடித்தல் இன்று கூடும். ஓட்டுநர் வீட்டிலிருந்தே கைத்தொலைபேசியாற் படம் பிடித்து அனுப்பலாம். காலவெல்லை கடந்ததைக் கணினியே காட்டிவிடும். பிறர் கவசத்தைப் படம் பிடித்து அனுப்புவாரும் இருப்பரே எனின், இருப்பர். ஆதலின், களத்தில் வரிசை எண்ணை ஒருமுறை ஒப்பு நோக்குதல் வேண்டும். அதற்கு நெடுநேரம் ஆகாது.

நேரம் மிஞ்சுதல் சிறு பயனே. பெரும் பயன் பிறிதொன்று. தலைக்கவசத்தின் உள்ளே உள்ள நுரைப் படலம் மோதலின்போது தான் நசுங்கித் தலையைக் காப்பது. ஒருமுறை நசுங்கியது மீள்வதில்லை. புறத்தோடோ பழுதற்றது போலவே தோன்றும். எத்துணைக் கூரிய கண்ணும் இதனைக் காணாது. கூண்டு வளைந்து ஒட்டப்பட்ட காரும் வண்ணம் பூசியபின் அத்தன்மையதே. 1944ஆம் ஆண்டு தோன்றிய அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம், பந்தயக் கார் ஒவ்வொன்றுக்கும் குறிப்பேடு வைத்து, உற்ற சேதத்தை அதிற் பதியும் முறை கண்டது. ஏடு தொலையலாம், கார் கைமாறும்போது மறைக்கவும் படலாம். கழகங்கள் பொதுவில் வைத்துக் காக்கும் கணினிப் பதிவேட்டை அவ்வாறு மறைத்தல் எளிதன்று. பிறர் பதிவைக் காட்ட மறுக்கும் கழகங்களை நாம் சிறிதும் ஏற்கோம்.

எனினும், படத்தை நம்பிக் காரைத் தொடாது விடுதல் பெரும் பிழை. சில்லை இரு கையாலும் பற்றி அசைத்தாலன்றி அச்சுக் குண்டுகளின் தேய்வு தெரியாது. பிறேக் மிதியை அழுத்தினாலன்றி அது தளர்ந்தமை தெரியாது. பற்றரி இறுகக் கட்டப்பட்டுள்ளதா, முடுக்கு மிதி விட்டவுடன் மீள்கின்றதா என்பனவும் அத்தகையனவே. காகிதவேலை ஒழிந்த காலைப்பொழுதைத் தொண்டர் இவற்றுக்கே செலவிடுக என்கின்றோம். வரிசையை விரைவில் முடித்துத் தேநீர் அருந்தப் போதற்கன்று.

சிறு கழகத்துக்குப் பொருள் ஏது என்று வினவுவர். கைத்தொலைபேசி ஒன்றும் பொதுப் பட்டியல் ஒன்றும் தொடக்கத்துக்குப் போதும். பொறியியல் பயிலும் நம் மாணவர் இருவர், விடுமுறையொன்றில் அதனை ஆக்கித் தரவல்லர்.