எல்லை நகர்ந்தது, ஏழை ஏன் குற்றவாளி?

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டைக்காரன் ஓர் அடிகூட நகரவில்லை. திருவிதாங்கூர்-கொச்சி எல்லைதான் நகர்ந்தது. நம் பாட்டன்மாரை எவரும் 'நாடற்றவர்' என்றதில்லை!

கடலுக்கப்பால் நடந்ததோ வேறு. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிற்று. தேயிலைக்கு ஆள் தேவை. மண்டபம் முகாமில் உடலைச் சோதித்து அனுப்பினர். காடு தோட்டமாயிற்று, முதலாளி கொழுத்தான். 1948-இல் குடியுரிமைச் சட்டம் கேட்டது: "தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே?" உழைத்தவன் நாடற்றவனானான். அவனுக்குச் சூட்டிய பட்டம், 'கள்ளத்தோணி'! 1964 ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. அவர்களைக் கேட்டா போட்டார்கள்?

2023-இல் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டனர். கடவுச்சீட்டைப் பார்க்கட்டும், பெட்டியைத் திறக்கட்டும்; கடத்தலைத் தடுக்க அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தங்கம் கடத்துபவனும், குண்டுக்குத் தப்பித் தோணியேறியவனும் ஒன்றா? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. நம் மண்ணில், முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்றும் அயலாரே!

சீட்டைச் சோதிப்பது அதிகாரியின் வேலை. சீட்டே இல்லாமல் ஆக்கப்பட்டவனுக்கு வழி காட்டுவது அரசின் கடமை. முகாமில் பிறந்தோர்க்குக் குடியுரிமை தருக! இதுவே நம் கோரிக்கை.