டைல்ஸ் எவ்வளவு வந்தாலும் மார்பிளுக்கு மவுசு குறையாதது ஏன்? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புதிதாக வீடு கட்டும் குடும்பங்களில் ஒரு விவாதம் கட்டாயம் வரும். தரைக்கு டைல்ஸா, கிரானைட்டா, மார்பிளா? விலை, பராமரிப்பு என எந்தக் கணக்குப் போட்டாலும் பெரும்பாலும் டைல்ஸ்தான் ஜெயிக்கும். ஆனாலும், "ஹால்ல மட்டுமாவது மார்பிள் போட்டுடலாமே" என்று ஒரு குரல் எழுந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டைல்ஸ் கடைக்குப் போனாலும் அங்கே அதிகம் கண்ணில் படுவது மார்பிள் டிசைன்தான். நகல் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது அசல் மேல் ஏன் இன்னும் ஆசை? அந்த ஆசைக்கு வீட்டுக்காரர் மட்டும்தான் விலை கொடுக்கிறாரா?

மார்பிள் என்பது என்ன?

மார்பிள் வேறு எதுவும் இல்லை, உருமாறிய சுண்ணாம்புக்கல்தான். பூமிக்கு அடியில் கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் சுண்ணாம்புக்கல் இறுகி, அதிலுள்ள கால்சியம் கார்பனேட் புதிய படிகங்களாக மாறும்போது மார்பிள் உருவாகிறது. சுண்ணாம்புக்கல்லோடு கலந்திருந்த களிமண், இரும்பு போன்றவைதான் பின்னர் அழகான ரேகைகளாகத் தெரிகின்றன.

கிரானைட் வேறு ரகம். அது எரிமலைக் குழம்பு பூமிக்குள்ளேயே மெதுவாக ஆறி உருவான கல். இரண்டும் பளபளப்பாக இருந்தாலும், குணம் முற்றிலும் வேறு.

அப்படி என்ன ஈர்ப்பு?

முதல் காரணம் வெளிச்சம். வெள்ளை மார்பிள் மேல் விழும் வெளிச்சம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடாமல், கொஞ்சம் உள்ளே ஊடுருவித்தான் திரும்புகிறது. அந்த மென்மையான ஒளிர்வு அதனால்தான் வருகிறது. டைல்ஸில் இருப்பது மேலே அச்சிட்ட படம் என்பதால் ரேகையைக் கொண்டுவர முடிகிறதே தவிர, இந்த ஆழத்தைக் கொண்டுவர முடிவதில்லை.

இரண்டாவது, குளுமை. உண்மையில் மார்பிள் தரையின் வெப்பநிலை அறையின் மற்ற பொருட்களைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் பாதத்தின் சூட்டை அது வேகமாக இழுத்துக்கொள்வதால் 'ஜில்' என்று படுகிறது.

மூன்றாவது, கௌரவம். தாஜ்மஹாலுக்கும், 1921-ல் திறக்கப்பட்ட கொல்கத்தா விக்டோரியா நினைவகத்துக்கும் ராஜஸ்தானின் மக்ரானா மார்பிள்தான் போனது. அந்தக் கல்லுக்கு 2019-ல் உலக பாரம்பரியக் கல் வளம் என்ற சர்வதேச அங்கீகாரமும் கிடைத்தது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் போன கல் நம் வீட்டு ஹாலுக்கும் வருகிறது என்ற நினைப்பே தனி கெத்துதான்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. பர்மா, இலங்கை, மலாயா என வணிகம் செய்த நகரத்தார், செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மா தேக்கோடு இத்தாலிய மார்பிளையும் கப்பலில் வரவழைத்தார்கள். ஆத்தங்குடிக் கல்லும் அதே வீடுகளில்தான் இருக்கிறது.

சமையல் மேடைக்கு மார்பிள் போடலாமா?

வெளிநாட்டு இன்டீரியர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்த ஆசை நிறைய பேருக்கு வருகிறது. ஆனால் நம்ம ஊர் சமையலுக்கு மார்பிள் செட்டாகாது.

காரணம் எளிது. மார்பிள் ஒரு கால்சியம் கார்பனேட். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, தயிர், வினிகர், தக்காளி எல்லாவற்றிலும் அமிலம் இருக்கிறது. அது பட்டதும் கல்லின் மேற்பரப்பு கொஞ்சம் கரைந்து, பளபளப்பு போய் மங்கலான வட்டம் விழுந்துவிடும். இது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்ட தடம். துடைத்தால் போகாது, திரும்பப் பாலிஷ் போட்டால்தான் உண்டு.

கறை வேறு கணக்கு. மஞ்சள், எண்ணெய், குங்குமம் போன்றவை கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். பூஜை அறையில் விளக்கு வைக்கும் இடத்தில் மார்பிள் பழுப்பேறுவது இதனால்தான். விளக்குக்கு அடியில் ஒரு தட்டு வைப்பது இதற்கு எளிய தீர்வு.

கடினத்திலும் மார்பிள் கொஞ்சம் வீக். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிளுக்கு சுமார் 3, கிரானைட்டுக்கு 6 முதல் 7. செருப்போடு உள்ளே வரும் மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. அதனால் மார்பிளைக் கீறுவதற்கு வாசல் மணலே போதும். மார்பிள் வீட்டில் மிதியடி கட்டாயம் என்று சொல்வது இதற்காகத்தான்.

'இத்தாலியன் மார்பிள்' எல்லாம் இத்தாலியில் இருந்தா வருகிறது?

இல்லை. இறக்குமதியான எந்தக் கல்லையும் 'இத்தாலியன்' என்று பொதுவாகச் சொல்லும் பழக்கம் கடைகளில் இருக்கிறது. அதில் துருக்கி மார்பிளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இது 2025 மே மாதம் எல்லோருக்கும் தெரியவந்தது. ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில் துருக்கி பாகிஸ்தானுக்கு ஆதரவாக நின்றதால், அந்நாட்டு மார்பிளை இனி வாங்கமாட்டோம் என உதய்பூர் மார்பிள் வியாபாரிகள் சங்கம் அறிவித்தது. இறக்குமதியாகும் மார்பிளில் சுமார் 70 சதவீதம் துருக்கியில் இருந்து வருவதாக அந்தச் சங்கத்தினரே சொன்னார்கள்.

பச்சை மார்பிளிலும் இதேபோல ஒரு விஷயம் இருக்கிறது. ராஜஸ்தானில் கிடைக்கும் அந்தப் பச்சைக் கல், புவியியல்படி மார்பிளே அல்ல, செர்பென்டைன் வகை. எனவே பில்லில் 'இத்தாலியன்' என்று இருப்பதை மட்டும் நம்பாமல், எந்த நாடு, என்ன ரகம் என்று எழுதி வாங்குவது நல்லது.

ஜிஎஸ்டி குறைந்ததே, விலை குறையுமா?

2025 செப்டம்பர் 22 முதல் மார்பிள், கிரானைட் பிளாக்குகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் பிளாக் என்பது குவாரியில் வெட்டிய பெரிய பாறை. வீட்டுக்காரர் வாங்குவதோ அறுத்துப் பாலிஷ் போட்ட ஸ்லாப். அதற்கு வரி 18 சதவீதம்தான். வரி குறைந்த செய்தியைப் பார்த்துவிட்டு கடையில் அதே அளவு தள்ளுபடி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மாற்றாக வந்த குவார்ட்ஸ் பாதுகாப்பானதா?

மார்பிள் தோற்றம் வேண்டும், கறையும் படியக்கூடாது என்பவர்களுக்காக வந்ததுதான் செயற்கை குவார்ட்ஸ் ஸ்லாப். குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்தித் தயாரிக்கிறார்கள். பயன்படுத்துபவருக்கு இதில் பெரிய தொல்லை இல்லை. ஆபத்து, அதை அறுப்பவருக்கு.

பல குவார்ட்ஸ் ஸ்லாப்களில் சிலிகா 90 சதவீதத்தையும் தாண்டும். அறுக்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். நுரையீரலில் ஏற்பட்ட பாதிப்பைத் திரும்பச் சரிசெய்யும் மருந்து கிடையாது. இளம் தொழிலாளர்கள் அடுத்தடுத்து பாதிக்கப்பட்டதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்த ஸ்லாப்களையே தடை செய்தது. இப்படித் தடை போட்ட முதல் நாடு அதுதான்.

சுத்தமான மார்பிளில் சிலிகா மிகக் குறைவு. கிரானைட்டில் கணிசமாக உண்டு. நம்ம ஊரில் வீட்டு வாசலிலேயே கட்டர் வைத்து, தண்ணீர் ஊற்றாமல், மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கல் அறுப்பதைப் பார்க்க முடியும். அந்த நுண்தூசியைக் கைக்குட்டை தடுக்காது. தண்ணீர் விட்டு அறுப்பதும் தரமான மாஸ்க்கும் ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். இதைக் கேட்டு வாங்கும் இடத்தில் இருப்பவர் வீட்டுக்காரர்தான்.

மார்பிளுக்கும் இன்னொரு முகம் உண்டு. ராஜஸ்தானின் கிஷன்கர், நாட்டின் பெரிய மார்பிள் சந்தைகளில் ஒன்று. கல் அறுத்த கழிவுச் சேறு அங்கே மலைபோலக் கொட்டிக் கிடக்கிறது. பனிமலை மாதிரி இருப்பதால் போட்டோஷூட்டுக்குக் கூட்டம் வருகிறது. கேமராவில் பனியாகத் தெரிவது, காற்றிலும் மண்ணிலும் கலக்கும் கல்தூள்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

* சாம்பிள் துண்டு ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்து, எலுமிச்சைச் சாறு, மஞ்சள், எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்துப் பாருங்கள்.
* ஸ்லாப்பை நேரில் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால், விரிசலை மறைக்கவா, வலுவுக்காகவா என்று கேளுங்கள்.
* கல் விலையோடு நிறுத்தாமல், ஏற்றுகூலி, பதிக்கும் கூலி, பாலிஷ், சேதாரம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.
* வெள்ளை மார்பிளுக்கு வெள்ளை சிமென்ட் கேளுங்கள். சாதாரண சிமென்ட்டின் நிறம் மேலே தெரியலாம்.
* துடைக்க மிதமான சோப்புத் தண்ணீர் போதும். ஆசிட் பக்கமே போகக்கூடாது.

ஹால், பூஜை அறை, படுக்கை அறைக்கு மார்பிள், சமையல் மேடைக்கு கிரானைட், ஈரமான இடங்களுக்கு வழுக்காத டைல்ஸ் என்று பிரித்துக்கொண்டால் பட்ஜெட்டும் கையைக் கடிக்காது. மார்பிள் கீறல் விழுந்தாலும் திரும்பப் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். டைல்ஸில் மேலே இருக்கும் டிசைன் தேய்ந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. நகல்கள் எத்தனை வந்தாலும் அசல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.